உலக மன்றில் ஒரு முறையீடு

மனித உரிமை என்ற தொடர் இன்று எவர் செவிக்கும் புதியதன்று. ஆண்டுதோறும் டிசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் வந்துவிட்டால் தலைநகரின் மண்டபங்களில் அதுபற்றிச் சொற்பொழிவுகள் நிகழ்கின்றன. தமிழர் மேடையாயின், உலகோர் யாவரையும் உறவாகக் கண்ட சங்கப் புலவரை நினைவூட்டாமல் எவரும் அமர்வதில்லை. அப்புலவரின் பெருமையில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆயினும், நம் காலத்துக்கு மிக அண்மையில், உலக நாடுகள் கூடிய மன்றில், தமிழகத்துக் கரும்புத் தோட்டக் கூலிகளின் பேரர்கள் பொருட்டு எழுந்த வழக்கொன்று உண்டு. மனித உரிமை என்னும் கொள்கை ஏட்டிலிருந்து இறங்கி நடக்கத் தொடங்கியது அவ்வழக்கில்தான் என்று கூறினும் மிகையாகாது. அதனைப் பேசுவோர் ஏனோ அருகிவிட்டனர். ஆகவே அவ்வரலாற்றை ஈண்டுச் சிறிது விரித்துரைக்க விழைகிறோம்.

கதையின் தொடக்கம் சென்னைத் துறைமுகம். அங்கிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதில் இருந்தோர் 342 பேர். நேட்டால் மாநிலத்து வெள்ளையர் வைத்த கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் அவர்கள். 1911-இல் இம்முறை நிறுத்தப்படும் வரை ஏறத்தாழ 1,52,000 பேர் இவ்வாறு நேட்டாலுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னை வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கருமே. ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிப் பயிர் செய்து வாழ முற்பட்டோர் மீது 1895-இல் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விதிக்கப்பட்டது. கூலியாகவே இரு, அன்றேல் கப்பலேறு என்பதே அவ்வரியின் உட்பொருள்.

காந்தியடிகள் அங்கு நடத்திய அறப்போரைத் தமிழர் அறிவர். அடிபட்டுப் பல்லுடைந்து அவர் முன் வந்து நின்ற பாலசுந்தரமும், தம்பி நாயுடுவும், சிறையில் நோயுற்று 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையும் நம் பாடநூல்களில் இடம்பெற்றவர்கள். அப்போரின் எதிரணியில் அமைச்சராக இருந்தவர் ஜெனரல் ஸ்மட்ஸ். 1914-இல் இருவருக்கும் உடன்பாடு ஏற்பட்டு மூன்று பவுன் வரி ஒழிந்தது. சிறையில் தம் கையால் தைத்த காலணி ஒன்றைக் காந்தியடிகள் ஸ்மட்ஸுக்குப் பரிசளித்தார் என்பதும், அதனைப் பல்லாண்டு பேணிய ஸ்மட்ஸ் 1939-இல் அடிகளின் எழுபதாவது பிறந்தநாளை ஒட்டித் திருப்பி அனுப்பினார் என்பதும் பலரும் வியந்து பேசும் செய்தி. இந்த ஸ்மட்ஸை வாசகர்கள் நினைவில் இருத்துதல் வேண்டும்; மீண்டும் வருவார்.

முதல் உலகப் போருக்குப் பின் நாடுகளின் சங்கம் தோன்றியது. அதன் சட்டவிதிகளில் இனங்களிடையே சமத்துவம் என்னும் கோட்பாட்டைச் சேர்க்குமாறு 1919-இல் பாரிஸ் மாநாட்டில் ஜப்பான் கேட்டது. வாக்களித்த பதினெழுவருள் பதினொருவர் ஆதரித்தும், ஒருமனதான முடிவு இல்லையென்று கூறித் தலைமை வகித்த அமெரிக்க அதிபர் வில்சன் அதனை ஒதுக்கிவிட்டார். அவ்வமைப்பின் குறிக்கோள்கள் உயர்ந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் மனிதன் மனிதனுக்குச் சமன் என்ற ஒரு வரியை எழுத மறுத்த ஏடு நெடுங்காலம் நில்லாமற் போனதில் நமக்கு வியப்பில்லை.

இடைக்காலத்தில் தென்னாப்பிரிக்க இந்தியரின் துயர் துடைக்க முயன்றவருள் முதன்மையானவர் வலங்கைமான் தந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். 1927-இல் கேப்டவுன் உடன்பாடு ஏற்பட்டதும் இந்திய அரசின் முதல் முகவராக அங்குச் சென்று, 1929-இன் தொடக்கம் வரை பணியாற்றினார். டர்பனில் அவர் முயற்சியால் எழுந்த சாஸ்திரி கல்லூரி பல தலைமுறைகளுக்குக் கல்விக்கண் திறந்தது. நயமாகப் பேசியே நீதி பெறலாம் என்று நம்பியவர் அவர். அந்நம்பிக்கைக்கு ஓர் எல்லை உண்டென்பதை அடுத்த இருபதாண்டுகள் காட்டின. 1946 ஏப்ரலில் சாஸ்திரியார் மறைந்தார். அதே ஆண்டில், அதே ஸ்மட்ஸ் தலைமையமைச்சராக வீற்றிருக்க, இந்தியர் குறிப்பிட்ட பகுதிகளுக்கு வெளியே நிலம் வாங்கவோ குடியிருக்கவோ தடைவிதிக்கும் ஆசியர் நிலவுடைமைச் சட்டம் நிறைவேறியது. அங்குள்ள நம்மவர் அதற்குச் 'சேரிச் சட்டம்' என்ற பொருள்படப் பெயரிட்டனர்.

இனி மற்றொரு மேடையைக் காண்போம். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1945-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரில் ஐம்பது நாடுகள் கூடி ஐக்கிய நாடுகள் சாசனத்தை இயற்றின. ஜூன் 26 அன்று அது கையொப்பமாயிற்று. அடிமைப்பட்டிருந்த இந்தியாவும் அதில் ஓர் உறுப்பு நாடு! ஆங்கில அரசு அமர்த்திய பேராளர் குழுவின் தலைவராக இந்தியாவின் பெயரால் ஒப்பமிட்டவர் சர் ஆர்க்காடு இராமசாமி முதலியார். நீதிக்கட்சியின் பெருந்தலைவர்களுள் ஒருவர். துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியாரின் இரட்டைச் சகோதரர். விஜயலட்சுமி பண்டிட் அம்மையார் அப்போது அந்நகரிலேயே இருந்து, அக்குழு இந்திய மக்களின் குரலன்று என்று கூட்டந்தோறும் முழங்கிவந்தார். அவர் கூற்றில் நியாயம் இருந்தது. ஆயினும் முதலியார் அம்மாநாட்டில் எளிய மனிதனின் மாண்பையும் அடிப்படை உரிமைகளையும் வலியுறுத்திப் பேசியதைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. மறு ஆண்டு இலண்டனில் பொருளாதார சமூக மன்றம் முதன்முறை கூடியபோது அதன் முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் அவரே. மனித உரிமை ஆணையத்தை அமைக்கும் தீர்மானம் 1946 பிப்ரவரியில் அம்மன்றத்தில் நிறைவேறியது. உலக மனித உரிமை ஆணையம் ஒரு தமிழரின் தலைமையில் பிறந்தது என்பதை நம் சங்கங்கள் எத்தனை முறை எடுத்துரைத்துள்ளன என்று தெரியவில்லை.

அச்சாசனத்தின் முகப்புரையில் அடிப்படை மனித உரிமைகளின் மீது நம்பிக்கையை உறுதிப்படுத்தும் சொற்கள் உள்ளன. அம்முகப்புரைக்கு முதல் வரைவு தீட்டியவர் யார்? ஸ்மட்ஸ்தாம். தம் நாட்டில் கறுப்பருக்கும் இந்தியருக்கும் வாக்குரிமை மறுத்த கை, உலகுக்கு உரிமைமுகப்பு எழுதியது. இதனைப் பாசாங்கு என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. மனிதர் என்று அவர் எழுதியபோது அவர் மனக்கண்ணில் தோன்றிய உருவங்கள் வேறு, அவ்வளவே. சொல்லை எழுதியவர் எண்ணிய பொருளோடு சொல் நின்றுவிடுவதில்லை என்பதை அவருக்குக் கற்பித்தவர்கள் இந்தியர்.

1946 ஜூன் 13 அன்று டர்பன் நகரில் அறப்போர் மீண்டும் தொடங்கிற்று. டாக்டர் நாயக்கர், டாக்டர் தாதூ ஆகியோர் தலைமையில் இந்தியர் தடைசெய்யப்பட்ட நிலத்தில் கூடாரமடித்துத் தங்கினர், அடிபட்டனர், ஈராண்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை புகுந்தனர். ஜூன் 22 அன்று, இன்னும் விடுதலை பெறாத இந்தியாவின் அரசு, தென்னாப்பிரிக்காவில் இந்தியர் நடத்தப்படும் முறையைப் பொதுச் சபையின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்குமாறு ஐக்கிய நாடுகளுக்கு எழுதியது. ஜூலையில் அந்நாட்டோடு வாணிகத்தையும் நிறுத்தியது. ஒருநாட்டின் இனக்கொள்கைக்காக அதனோடு வாணிகத்தை முறித்த முதல் நாடு இந்தியாவே. செப்டம்பரில் நேருவின் இடைக்கால அரசு பொறுப்பேற்றதும் வழக்கை நடத்த விஜயலட்சுமி பண்டிட் தலைமையில் குழு சென்றது. எம். சி. சாக்ளா அதில் ஒருவர். ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் தலைவர் டாக்டர் ஸூமாவும் நியூயார்க் சென்று தம் மக்களின் நிலையைப் பேராளர்களுக்கு எடுத்துரைத்தார். அவருக்குச் சபையில் இருக்கை இல்லை.

ஸ்மட்ஸ் தாமே நேரில் வந்து வாதிட்டார். அவர் கையிலிருந்த படைக்கலம் சாசனத்தின் இரண்டாம் விதி, ஏழாம் உட்பிரிவு: ஒரு நாட்டின் உள்நாட்டு அதிகார வரம்புக்குட்பட்டவற்றில் ஐக்கிய நாடுகள் தலையிடலாகாது என்பது அது. இவர்கள் என் குடிமக்கள், இது என் வீட்டு வழக்கு, அயலார்க்கு இங்கு என்ன வேலை என்பதே வாதம். சட்ட அளவில் அது வலுவற்றதன்று. பிரிட்டனும் அமெரிக்காவும் அவர் பக்கம் நின்றன. சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தை முதலில் கேட்கலாம் என்று காலங்கடத்தவும் முயன்றனர். உங்கள் நாட்டில் சாதிக்கொடுமை இல்லையா, வகுப்புக் கலவரத்தில் மக்கள் மடியவில்லையா என்ற எதிர்க்கேள்வியும் எழுந்தது. கல்கத்தாவும் நவகாளியும் அவ்வாண்டில்தான் குருதியில் தோய்ந்திருந்தன. கேள்வி கேட்டவரின் நோக்கம் தூயதன்று, கேள்வி பொய்யுமன்று. இந்திய அணி அதற்குக் கூறிய விடை, அக்குறைகளைச் சட்டத்தால் நிலைநாட்ட நாங்கள் முயலவில்லை, நீங்கள் முயல்கிறீர்கள் என்ற பொருளில் அமைந்தது.

டிசம்பர் 8 அன்று வாக்கெடுப்பு. பிரான்சும் மெக்சிகோவும் கொணர்ந்த தீர்மானத்துக்கு ஆதரவு 32, எதிர்ப்பு 15, நடுநிலை 7. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பது விதி. ஆதரித்தவருள் ஒரே ஒருவர் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பினும் தீர்மானம் வீழ்ந்திருக்கும். இந்தியர் நடத்தப்படும் முறை இரு அரசுகளின் உடன்பாடுகளுக்கும் சாசனத்துக்கும் ஒத்திருத்தல் வேண்டும் என்று மட்டுமே அது கூறியது, தண்டனை ஏதுமில்லை. படைவலியற்ற, முழு விடுதலையும் பெறாத ஒரு நாடு, போரில் வென்ற பெருந்தலைவர் ஒருவரை உலகமன்றில் வென்றது. ஒரு நாட்டு அரசு தன் மக்களை நடத்தும் முறை பிற நாடுகளுக்கும் உரிய வினாவே என்னும் வழக்காறு அன்று முதல் வேர்கொண்டது. இன்று நாடுகள் ஒத்துழைப்பு என்று பேசுகின்றோமே, அதன் உயிர்நிலை இங்குதான் உள்ளது எனக் கருதுகிறோம். தொற்றுநோயைத் தடுக்கவும் தபாலைக் கொண்டு சேர்க்கவும் நாடுகள் முன்பே ஒத்துழைத்ததுண்டு. அயலான் வீட்டு அழுகுரலுக்குச் செவிகொடுக்க ஒப்புக்கொண்டது புதிது.

அடுத்த ஆண்டே அதேபோன்ற தீர்மானம் மூன்றில் இரண்டு பங்கு கிட்டாமல் தோற்றது. 1948 மே மாதத் தேர்தலில் ஸ்மட்ஸ் வீழ்ந்தார். அவரினும் கொடியவரான மாலன் ஆட்சிக்கு வந்து, 'அபார்த்தைட்' எனப்படும் இன ஒதுக்கலை அரசின் கொள்கையாகவே அறிவித்தார். அப்படியாயின் 1946-இன் வெற்றி வெறுங்கூடுதானா? அன்று பலர் அவ்வாறே நினைத்தனர்.

அதே காலத்தில் உலக மனித உரிமைப் பேரறிக்கை உருவாகிக்கொண்டிருந்தது. பதினெண்மர் கொண்ட மனித உரிமை ஆணையம் 1947 ஜனவரி 27 அன்று நியூயார்க் அருகே லேக் சக்சஸ் என்னுமிடத்தில் கூடிற்று. தலைவர் எலினோர் ரூஸ்வெல்ட் அம்மையார். துணைத்தலைவர் சீனத்துச் சாங். அறிக்கையாளர் லெபனான் நாட்டுச் சார்லஸ் மாலிக். முதல் வரைவை எழுதியவர் செயலகத்து அலுவலரான கனடா நாட்டு ஜான் ஹம்ஃப்ரி. அதனைத் திருத்தியமைத்தவர் பிரெஞ்சுச் சட்ட அறிஞர் ரெனே காஸன். காஸனுக்கு 1968-இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. பேரறிக்கையின் தந்தை என்று உலகம் அவரை நெடுங்காலம் போற்றியது. ஹம்ஃப்ரியின் பங்கு பிற்பாடே விளங்கிற்று. கோப்புகளோடு வாழும் நம்போன்றோர்க்கு இதில் வியப்பில்லை. வரைவு எழுதுவோன் ஒருவன், ஒப்பமிடுவோர் வேறு என்பது எல்லா அலுவலகங்களிலும் உள்ள வழக்கமே.

ஆணையத்தில் பெண்கள் இருவரே. ரூஸ்வெல்ட் அம்மையார் ஒருவர். மற்றவர் இந்தியாவின் அம்சா மேத்தா. சூரத்தில் 1897-இல் பிறந்தவர். அனைத்திந்திய மாதர் மாநாட்டின் தலைவராக விளங்கியவர். 1947 ஆகஸ்டு 14 நள்ளிரவில் இந்தியப் பெண்குலத்தின் சார்பில் தேசியக் கொடியை அரசியல் நிர்ணய சபைக்கு வழங்கியவர். பேரறிக்கையின் முதல் விதியை 'ஆண்மக்கள் அனைவரும்' என்றும் பொருள்படக் கூடிய ஆங்கிலச் சொல்லால் தொடங்கியிருந்தனர். அச்சொல் பெண்களையும் உள்ளடக்கும் என்பது ரூஸ்வெல்ட் அம்மையாரின் கருத்து. உள்ளடக்கும் என்று இன்று கூறுவீர்கள், நாளை ஒதுக்கும் நாடுகள் உள்ளன என்பது மேத்தாவின் அச்சம். அவர் விடவில்லை. இறுதியில் மனிதப் பிறவிகள் யாவரும் என்ற பொருள் தரும் தொடர் ஏறியது. மக்களை உயர்திணை என வகுத்து, அதனுள் ஆணையும் பெண்ணையும் ஒருசேர வைத்த இலக்கணம் நம்முடையது. ஆகவே அச்சொற்போரின் அருமை தமிழர்க்கு உடனே புலப்படாமலும் போகலாம். ஆங்கிலத்தின் இடர்ப்பாடு அது.

மேத்தாவின் பணி அச்சொல்லோடு முடிந்ததன்று. அறிவிப்பு மட்டும் போதாது, உரிமை மீறப்படின் கேட்பதற்கு ஓர் அமைப்பு வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். 1947 டிசம்பரில் ஜெனீவாவில் அதற்கென அமைந்த செயற்குழுவின் தலைமையும் அவருடையதே. பெரிய நாடுகளுக்கு அது உவப்பாயில்லை. அமெரிக்காவில் நீக்ரோ மக்களின் நிலையும், சோவியத் நாட்டில் முகாம்களும், பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் குடியேற்ற நாடுகளும் இருந்தன. யார்தாம் தம் வாயிலைத் திறந்துவைக்க ஒப்புவர்? ஆகவே கட்டுப்படுத்தும் உடன்படிக்கை பின்னுக்குத் தள்ளப்பட்டு, பேரறிக்கை மட்டும் முன்வந்தது.

பாரிஸ் நகரில் பொதுச்சபையின் மூன்றாம் குழு எண்பதுக்கு மேற்பட்ட அமர்வுகளில் வரிவரியாக அதனை விவாதித்தது. திருவனந்தபுரத்தவரான லட்சுமி மேனன் அம்மையார் அங்கு இந்தியாவின் சார்பில், இவ்வுரிமைகள் குடியேற்ற நாட்டு மக்களுக்கும் உரியவை என்று வாதிட்டார். 1948 டிசம்பர் 10 அன்று முப்பது விதிகள் கொண்ட அப்பேரறிக்கை நிறைவேறியது. ஆதரவு 48, எதிர்ப்பு இல்லை, நடுநிலை 8. அவ்வெட்டில் ஆறு, சோவியத் அணி நாடுகளும் யூகோஸ்லாவியாவும். எஞ்சிய இரண்டு சவூதி அரேபியாவும் தென்னாப்பிரிக்காவும். உரிமைமுகப்பு தீட்டிய நாடு நான்காண்டுக்குள் உரிமை அறிக்கைக்குக் கையுயர்த்தத் துணியவில்லை!

இதற்குப் பதினொரு நாள் முன்னர், நவம்பர் 29 அன்று, தில்லியில் நம் அரசியல் நிர்ணய சபை தீண்டாமையை ஒழிக்கும் விதியை ஏற்றது. 1946-இல் கேட்கப்பட்ட எதிர்க்கேள்விக்கு ஏட்டளவில் அதுவே விடை. நாட்டளவில் விடை இன்னும் முற்றுப்பெறவில்லை என்பதை நாளிதழ் படிப்போர் அறிவர். மற்றொன்றையும் மறைத்தல் கூடாது. 1948 செப்டம்பரில் ஐதராபாத் விவகாரம் பாதுகாப்பு மன்றத்துக்குச் சென்றபோது, இது எம் உள்நாட்டுப் பொருள் என்று வாதிட்டது இந்தியாவே. இரண்டு வழக்குகளும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனால் ஸ்மட்ஸின் கேடயத்தை ஈராண்டுக்குள் நாமும் எடுத்துப் பார்த்தோம் என்பதும் உண்மை. அதன் பின்னர் அதனை எடுக்காத நாடு உலகில் உண்டோ? வலியோர் எளியோர் என்ற வேறுபாடின்றி, குற்றம் சாட்டப்படும் ஒவ்வோர் அரசும் முதலில் தேடுவது அவ்வேழாம் உட்பிரிவைத்தான்.

தென்னாப்பிரிக்க வழக்கு ஆண்டுதோறும் பொதுச்சபைக்கு வந்துகொண்டேயிருந்தது. 1950-இல் குழுவாரிக் குடியிருப்புச் சட்டம் நம்மவரைத் தெருத்தெருவாகப் பெயர்த்தெறிந்தது. 1952-இல் இந்தியாவும் பன்னிரண்டு ஆசிய, அரபு நாடுகளும் சேர்ந்து, இந்தியர் என்ற எல்லையைக் கடந்து, இன ஒதுக்கல் முழுவதையுமே சபையின் முன் வைத்தன. இந்தியா செய்த செயல்களுள் இதனை நாம் பெரிதாக மதிக்கிறோம். தன் இனத்தான் பொருட்டுத் தொடங்கிய வழக்கைத் தன்னினும் கொடிய துன்பத்தில் உழன்ற ஆப்பிரிக்கர் பொருட்டு அது விரித்துக்கொண்டது.

உலகின் அமைப்பும் மாறிற்று. 1946-இல் 54 உறுப்பினர் வாக்களித்த சபையில், 1960-ஆம் ஆண்டில் மட்டும் பதினேழு புதிய நாடுகள் நுழைந்தன. அவற்றுள் பதினாறு ஆப்பிரிக்காவினுடையவை. அவ்வாண்டு மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் காவல்துறை சுட்டு 69 பேர் மாண்டனர். 1962-இல் இந்தியரின் வழக்கு இன ஒதுக்கல் வழக்கோடு இணைக்கப்பட்டது. நாடுகள் தென்னாப்பிரிக்காவோடு தூதுறவையும் வாணிகத்தையும் முறிக்குமாறு சபை கேட்டுக்கொண்டது. தனிக்குழு ஒன்றும் அமைந்தது. அக்குழுவின் முதல் முதன்மைச் செயலராகி, பின்னர் இன ஒதுக்கல் எதிர்ப்பு மையத்தின் இயக்குநராக 1983 வரை உழைத்தவர் பழைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியைச் சேர்ந்த இ. எஸ். ரெட்டி. இவரும் ஒரு செயலக அலுவலரே. 1974-இல் பொதுச்சபை தென்னாப்பிரிக்காவின் பங்கேற்பை நிறுத்தியது. 1977-இல் பாதுகாப்பு மன்றம் படைக்கல விற்பனைக்குக் கட்டாயத் தடை விதித்தது.

மேத்தா விரும்பிய உடன்படிக்கைகள் 1966-இல்தான் நிறைவேறின. நடைமுறைக்கு வந்தது 1976-இல். இந்தியா அவற்றில் சேர்ந்தது 1979-இல். நம் நாட்டுத் தேசிய மனித உரிமை ஆணையம் 1993 அக்டோபரில் தோன்றியது. ஜெனீவாவில் பழைய ஆணையம் 2006-இல் மனித உரிமை மன்றமாக மாறிற்று. 193 நாடுகள் கொண்ட இற்றை நாள் சபையில், வல்லரசுகளின் தடையதிகாரம் அன்றுபோலவே நிற்கிறது. சிறு நாடுகளுக்குக் கிட்டுவது பெரும்பாலும் 1946-இல் இந்தியாவுக்குக் கிட்டியது போன்ற வாக்குகளே. அவற்றால் பீரங்கி வாயடைவதில்லை. ஆனால் அவ்வாக்குகளை வெறுங்காகிதம் என்போர், ஒரு தீர்மானத்துக்கும் அதன் பயனுக்கும் இடையே 48 ஆண்டுகள் கழிந்த இவ்வழக்கை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று.

1994 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவில் எல்லா இனத்தாரும் முதன்முறையாக வரிசையில் நின்று வாக்களித்தனர், மண்டேலா அதிபரானார். இந்தியாவுடனான தூதுறவு அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரிலேயே மலர்ந்திருந்தது. 1996-இல் அந்நாடு இயற்றிக்கொண்ட அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவு, மக்கள் வழங்கும் மொழிகளை மதித்துப் பேணுமாறு மொழி வாரியம் ஒன்றுக்குக் கடமை விதிக்கிறது. அங்குப் பெயர்சுட்டிக் கூறப்படும் மொழிகளின் வரிசையில் குசராத்தி, இந்தி, தெலுங்கு, உருது ஆகியவற்றோடு, துரூரோ கப்பலில் சென்றவர்களின் தமிழும் உள்ளது.